தோலையும் ஒரு வார்த்தை கேளுங்கள்: காய்ச்சல் பார்க்கும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். இந்த மடல் பெரிய ஆஸ்பத்திரித் தோல் நிபுணர்களுக்கு இல்லை. அவர்களுக்கு இதெல்லாம் தெரியும். பஜாரிலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் சாயங்காலம் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி பத்து மணி வரை டோக்கன் போட்டுக் காய்ச்சலும் சளியும் பார்க்கிறீர்களே, உங்களுக்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மழைக்காலக் காய்ச்சல் முகாமிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்து.

ஐப்பசி பிறந்துவிட்டால் உங்கள் வாசலில் நிற்கும் கூட்டத்தில் எங்களைப் போன்றவர்களும் இருக்கிறோம். தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் உலகத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு உண்டு என்று கணக்குச் சொல்கிறார்கள். நம் ஊரில் நூற்றுக்கு ஒருவர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், சீசனில் நூறு டோக்கன் போடுகிற உங்களிடம் தினம் ஒருவராவது வந்து போகிறார். உங்களுக்கு அது தெரியாமலே போகிறார்.

நான் கேட்பது சின்ன விஷயம். காய்ச்சலோடு வருபவரிடம் "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, எந்த மாத்திரையாவது ஒத்துக்காதா" என்று கேட்கிறீர்கள். அதோடு "தோல் வியாதி ஏதாவது இருக்கா, அதுக்கு என்ன சாப்பிடுறீங்க" என்று இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் "ஆமாம்" என்று வந்தால், ஊசியை எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். அவ்வளவுதான். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நாங்களாகச் சொல்ல மாட்டோம். காய்ச்சலுக்கு வந்த இடத்தில் தோலைப் பற்றி என்ன பேச்சு என்று இருந்துவிடுவோம். அடுத்த டோக்கன்காரர் பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருக்கும்போது கையை மடக்கிக் காட்டுவதற்கும் கூச்சம். பலருக்குச் சொரியாசிஸ் என்ற பெயரே தெரியாது. படை என்பார்கள், கரப்பான் என்பார்கள், ரத்தம் கெட்டுப்போச்சு என்பார்கள். சித்த மருத்துவரிடம் போனவர்களுக்குக் காளாஞ்சகப் படை என்று தெரிந்திருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கறுப்புச் சேலையில் தோள்பக்கம் உதிர்ந்து கிடப்பதைச் சாக்பீஸ் தூள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவள். உங்கள் அறைக்குள் நானாக வாயைத் திறப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன்.

சரி, காய்ச்சலுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் படித்ததுதான், ஆனால் பரீட்சை முடிந்து வருஷங்கள் ஆகியிருக்கும். மற்றவர்களுக்கு அடியில் பிறக்கும் தோல் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. சொரியாசிஸ் உள்ள இடத்தில் இதே வேலை நாலைந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்பதைத்தான் வெள்ளைச் செதிலாகப் பார்க்கிறோம். இந்த அவசரத்துக்கு முதல் காரணம் தோல் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி. வைரஸ் உள்ளே வந்ததும் உடம்பு சுரக்கும் முதல் பொருள்களில் ஒன்று இன்டர்ஃபெரான். அது இல்லாமல் வைரஸை அடக்க முடியாது. ஆனால் சொரியாசிஸுக்கு வாகான உடம்பில் அந்த இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவே வேறொன்றையும் கிளப்பிவிடுகிறது. அதன் பின்னால் இன்டர்லூக்கின் 23 என்ற இன்னொரு எதிர்ப்புச் சக்திப் பொருள், அதன் பின்னால் இன்டர்லூக்கின் 17, கடைசியில் தோல் செல்கள் கண்டபடி பெருகுகின்றன. வைரஸ் போன பிறகும் இந்த ஓட்டம் நிற்பதில்லை.

இது ஏட்டளவில் சொல்வதில்லை. ஹெபடைடிஸ் சி-க்கு இன்டர்ஃபெரானையே மருந்தாக ஊசி போட்ட காலத்தில், சொரியாசிஸ் இருந்தவர்களுக்கு அது அதிகமானது, இல்லாத சிலருக்குப் புதிதாகவும் வந்தது. மருவுக்குத் தடவும் இமிகுயிமோட் களிம்பு வேலை செய்வதும் இன்டர்ஃபெரானைத் தூண்டித்தான். ஆராய்ச்சிக்கூடங்களில் எலிக்குச் சொரியாசிஸ் மாதிரி வரவழைக்க அந்தக் களிம்பைத்தான் பூசுகிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சொரியாசிஸ் மிகக் கடுமையாக வரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் சிக்குன்குனியா. 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் மெட்ராஸிலும் வேலூரிலும் வந்துவிட்டுப் போன காய்ச்சல். பிறகு வெகுகாலம் பெரிதாகச் சத்தம் இல்லை. 2005 கடைசியில் திரும்பி வந்து, 2006இல் மட்டும் நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம் பேரை முடக்கிப் போட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது தென்னிந்தியத் தோல் மருத்துவர்கள் அந்தக் காய்ச்சல் தோலில் என்னென்ன செய்கிறது என்று கவனித்து எழுதி வைத்தார்கள். மூக்கின் மேல் கருமை படிவது அதில் பிரபலமானது. கூடவே அவர்கள் குறித்துவைத்த இன்னொன்று, அடங்கியிருந்த சொரியாசிஸ் மறுபடி கிளம்பியது. பின்னாளில் கொரோனாவிலும் இதே கதையை உலகெங்கும் எழுதினார்கள்.

காய்ச்சல் அடிக்கும்போதே சிலருக்குக் கிளம்பும். பெரும்பாலும் காய்ச்சல் விட்டு, வாய்க்கசப்பு போய், வேலைக்குத் திரும்பிய ஒன்றிரண்டு வாரத்தில்தான் ஆரம்பிக்கும். அதனால்தான் உங்கள் கண்ணில் படுவதில்லை. உங்களைப் பொறுத்தவரை அந்தக் கேஸ் முடிந்துவிட்டது. நோயாளியும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. "போன வாரம் கருவாடு சாப்பிட்டேன், அதான்" என்பார். கத்திரிக்காய், கருவாடு என்று கரப்பான் பண்டங்களின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் பத்தியம் இருப்பார்.

இன்னும் சிலருக்குத் தடிப்பாக வராமல் உடம்பெங்கும் துளித்துளியாகக் கிளம்பும். வீட்டில் அதை அம்மை என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அப்படி வந்தபோது அம்மா வாசலில் வேப்பிலை செருகி, வெள்ளைத் துணி விரித்துப் படுக்கவைத்து, அரிக்கும்போதெல்லாம் வேப்பங்கொத்தால் முதுகை வருடிவிட்டாள். அவள் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கொத்தின் காம்பு இழுத்த கோடு ஒவ்வொன்றிலும், அந்தக் கோட்டின் அளவுக்கே, புதுத் தடிப்பு எழுந்தது. கீறல் விழுந்த இடத்திலேயே சொரியாசிஸ் முளைக்கும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் பெயரிலேயே நீங்கள் படித்திருப்பீர்கள். இதைப் படிக்கும் நர்ஸ் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: ட்ரிப்ஸ் ஊசியை ஒட்டிய பிளாஸ்டரை எங்கள் கையிலிருந்து வெடுக்கென்று உரிக்காதீர்கள், நனைத்து மெதுவாக எடுங்கள். பிளாஸ்டர் இருந்த சதுரம் பிறகு சதுரமாகவே செதிலாகும்.

இப்போது ஊசிக்கு வருகிறேன்.

ஊசி போடாத டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று சொல்கிற ஊர் நம் ஊர். "ஒரு ஊசி போட்டு விட்டுருங்க சார், காலையில டூட்டிக்குப் போகணும்" என்று கெஞ்சுவது நாங்கள்தான். அந்த நெருக்கடியில் நீங்கள் டெக்ஸா போடுகிறீர்கள், அல்லது பெட்னசால். இரண்டுமே எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள். காய்ச்சல் சட்டென்று இறங்குகிறது, உடம்பு வலி பறக்கிறது, பசி எடுக்கிறது. மற்றவர்களுக்கு அது தேவையில்லாத மருந்து. எங்களுக்கு அது அதற்கும் மேலே ஒரு வினை.

நான் பட்டதைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த டாக்டர் என்பது வேண்டாம். வைரஸ் காய்ச்சல், மூட்டு வலி. ஊசியோடு ஒரு காகிதப் பொட்டலம் தந்தார். அதில் மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்று, ரொம்பச் சின்னதாக வெள்ளையில் ஒன்று. பெயர் எதுவும் எழுதவில்லை. காய்ச்சல் போனதோடு வருஷக்கணக்காக இருந்த முழங்கைத் தடிப்பும் வழவழவென்று ஆகிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் கையை நீட்டிக் காட்டினேன். பொட்டலம் தீர்ந்தது. அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். பழைய இடத்தில் மட்டுமில்லை, முதுகு, தொடை, காதுக்குப் பின்னால், உள்ளங்கை. கை வெடித்துச் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போர்டில் எழுதச் சொல்லிப் பாடம் நடத்தினேன். காலையில் போர்வையை உதறினால் தரையெல்லாம் செதில். தோல் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "இடையில ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டீங்களா?" எனக்கு என்ன தெரியும்? பெயர் இல்லாத வெள்ளை மாத்திரை.

ஸ்டீராய்டு சொரியாசிஸை அமுக்கும், நிறுத்தினால் இரட்டிப்பாக எழுப்பும். எனக்குத் தடிப்போடு போனது. எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. சிலருக்கு உடம்பு முழுக்கச் சீழ்க்கொப்புளமாகவும், சிலருக்கு உச்சி முதல் பாதம் வரை சிவந்து உரிவதாகவும் மாறும். அது ஐ.சி.யூ. வரை கொண்டுபோகிற விஷயம். உயிர் போகிற நேரத்திலும் ஸ்டீராய்டு கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020இல் ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளை டெக்சாமெதசோன் காப்பாற்றியதை உலகமே பார்த்தது. மூச்சுத் திணறலுக்குப் போட வேண்டியது வேறு, டூட்டிக்குப் போவதற்காகப் போடுவது வேறு. போட்டே ஆக வேண்டும் என்றால் சீட்டில் பெயரை எழுதிக் கொடுங்கள், நிறுத்திய பிறகு தோலைக் கவனிக்கச் சொல்லுங்கள். பொட்டல மாத்திரையின் மேல் பெயர் எழுத ஒரு பால்பாயிண்ட் பேனா போதும்.

அடுத்து குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை. சிக்குன்குனியா மூட்டு வலிக்கு அதையும் ஹைட்ராக்சி குளோரோகுயினையும் நிறையப் பேர் எழுதினார்கள். 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கொரோனா வராமல் தடுக்க மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்சி குளோரோகுயின் சாப்பிடலாம் என்று சொன்னதும் மெடிக்கல் ஷாப்பில் ஆளாளுக்கு வாங்கினார்கள். இந்த வகை மாத்திரைகள் சொரியாசிஸைக் கிளப்பிவிடக்கூடியவை. வைரஸ் ஒருபக்கம், மாத்திரை மறுபக்கம் என்று இரண்டும் சேர்ந்தால் எதனால் வந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மூட்டு வலியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலிப்பது சகஜம், அதனால் எந்த வலியையும் "சிக்குன்குனியா வலி, போகப் போகச் சரியாயிடும்" என்று அனுப்பிவிடுவது எளிது. ஆனால் சொரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் வரைக்கும் அதனாலேயே வரும் மூட்டுவாதம் உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு கோணிப்போகும், பிறகு நிமிராது. பிரித்தறிய உங்கள் மேஜையிலேயே சில வழி இருக்கிறது. நோயாளியின் நகத்தைப் பாருங்கள், குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கிறதா என்று. ஒரே ஒரு விரல் மட்டும் அடி முதல் நுனி வரை வீங்கியிருக்கிறதா? குதிகாலில் வலியா? காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்க மாட்டேன் என்கிறதா? தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், தொப்புளில் செதில் இருக்கிறதா? தொப்புளை யாரும் காட்டவும் மாட்டார்கள், நீங்கள் பார்க்கவும் மாட்டீர்கள். ஆனால் அங்கே ஒளிந்திருக்கும். இதில் இரண்டு மூன்று ஒத்துப்போனால் மூட்டு மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.

"அதுக்கு என்ன சாப்பிடுறீங்க" என்ற இரண்டாவது பாதிக் கேள்வி, எதிர்ப்புச் சக்தியை அடக்கிச் சொரியாசிஸைக் கட்டுக்குள் வைக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டுக்காக. எங்களில் பலர் அதில்தான் காலம் தள்ளுகிறோம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் என்று தப்பாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. அதனால் சீட்டில் "வாரம் 1" என்று எழுதாமல் "வியாழக்கிழமை மட்டும்" என்று கிழமையோடு எழுதுங்கள். இந்த மாத்திரை ரத்த அணுக்களைக் குறைக்கும். டெங்குவும் தட்டணுக்களைக் குறைக்கும். பிளேட்லெட் குறைந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் டெங்கு என்று மட்டும் நினைக்கும்போது, பாதிக் காரணம் எங்கள் கைப்பையில் இருக்கலாம். வாயில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல் கடுமையாக இருந்தால் அந்த வாரத்து டோஸைத் தள்ளிப்போடுவதா என்று எழுதித் தந்த டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். எங்களையே முடிவு செய்ய விட்டால் ஒன்று நிறுத்தவே மாட்டோம், அல்லது அடியோடு நிறுத்திவிடுவோம். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவருக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதவே எழுதாதீர்கள், எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவதிலும் யோசனை வேண்டும். டெங்கு இல்லை என்று தெரிகிற வரைக்கும் எப்படியும் பாராசிட்டமால்தானே.

தொண்டை வலிக்கு வருகிற பிள்ளைகளின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். அது வைரஸ் இல்லை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா சமாச்சாரம் என்றாலும், இரண்டு மூன்று வாரம் கழித்துத் துளித்துளியாகச் சொரியாசிஸ் கிளம்பும் பிள்ளைகளில் பலருக்கு அந்தத் தொண்டைதான் ஆரம்பம். பெரும்பாலும் சில மாதத்தில் தானாக மறைந்துவிடும். பெற்றோரிடம் இதைச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

மெடிக்கல் ஷாப் அண்ணாச்சிகளையும் விடக்கூடாது. நம் நிறத்துக்குச் சொரியாசிஸ் பாடப்புத்தகப் படம் மாதிரி ரோஸ் நிறமாக இருப்பதில்லை. கருநீலமாகவோ சாம்பலாகவோ தெரியும், பார்ப்பவர்கள் படர்தாமரை என்றே முடிவு கட்டுவார்கள். உடனே ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த ட்யூப் ஒன்று கவுன்டர் மேல் வந்துவிடும். ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் அரசு எச் அட்டவணையில் சேர்த்தது. சீட்டு யார் கேட்கிறார்கள், சொல்லுங்கள். டாக்டர்களே, நீங்களும் படையைப் பார்த்ததும் அந்தக் கலவை ட்யூபை எழுதாமல் இருந்தால் அண்ணாச்சியைக் கண்டிக்க எங்களுக்கும் வாய் இருக்கும்.

காய்ச்சல் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது இதையும் சொல்லுங்கள்: "காய்ச்சல் போன பிறகு ரெண்டு மூணு வாரம் தோல் கொஞ்சம் கிளம்பலாம். பயப்படாதீங்க, சொறியாதீங்க. குளிச்சதும் ஈரத்தோட தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்க. அதிகமானா தோல் டாக்டரைப் பாருங்க, நீங்களா எதுவும் வாங்கிப் போடாதீங்க." இவ்வளவு சொல்ல அரை நிமிஷம் ஆகாது. வெட்பாலைத் தைலம் போடலாமா என்று கேட்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறமாக இறங்கியதை எடுத்துப் பூசுவது எங்கள் வீடுகளில் ரொம்பக் காலப் பழக்கம், நானும் பூசுகிறேன். ஆங்கில மருந்துக்காரர் திட்டுவார் என்று மறைப்பதைவிட உங்களிடம் சொல்லிவிட்டுப் பூசுவது நல்லது. பூசட்டும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை அதை நம்பி நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

உடம்பு முழுக்கச் சிவந்துவிட்டது, குளிர் நடுக்கம், கால் வீக்கம், சிவப்பின் மேல் ஊசிமுனைச் சீழ்க்கொப்புளங்கள் என்று யாராவது வந்தால் அன்றைக்கே மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புங்கள். மறுநாள் வரை வைத்துப் பார்க்கிற கேஸ் இல்லை அது.

பெரும்பாலும் நாங்கள் தனியாக வருவதில்லை. புருஷனோ மாமியாரோ அண்ணியோ கூட வந்து கதவோரம் நிற்பார்கள். காய்ச்சலுக்குப் பிறகு கிளம்பியதால் இதுவும் தொற்றும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். தட்டு தனி, சோப்பு தனி, பிள்ளையைத் தூக்காதே என்று வீட்டில் நடக்கிறது. நாங்கள் எத்தனை தடவை சொன்னாலும் எடுபடாது. காய்ச்சல்தான் ஒட்டும், தோல் ஒட்டாது என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள். எங்களைப் பார்த்துச் சொல்லாதீர்கள், அவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டோக்கன் வரிசையில் நிற்கும் ஒரு கணக்கு டீச்சர்